பதுக்கெ இருக்கணும்

அந்த வண்டி லிங்க் ரோட்டிலிருந்து பூமாரியின் கடைப் பக்கம் திரும்பியபோது, பக்கத்துக் கடையில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த தப்ரேஸ் துணியை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான். சிவப்பு நிறம். இரண்டே சீட். துணிக்கூரை பின்னால் மடங்கிக் கிடந்தது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து நின்றது.

"அக்கா, இது காடியா, சப்பலா?" என்றான் தப்ரேஸ். வண்டியா செருப்பா என்று கேட்கிறான். பத்து வருஷம் பூமாரிக்குப் பக்கத்துக் கடைக்காரனாக இருந்ததில் அரைத் தமிழ் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா இருடே. காதுல விழப்போவுது."

ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து முதலில் ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு கதவின் மேல் கையூன்றினார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் ஒரு கீற்றுச் சந்தனம். அந்த வண்டிக்குள்ளிருந்து அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

அவர் பெயர் சுந்தரராமன். மாட்டுங்காவில் வீடு. பூர்வீகம் பாலக்காடு. மருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து, மார்ச் மாதம்தான் ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்தவருடைய மகன் கனடா போகும்போது இந்த வண்டியை விற்றான். "எனக்குக் கொடு" என்று இவர் சொன்னதும் அந்தப் பையன் சிரித்தானாம், அங்கிள் ஜோக் அடிக்கிறார் என்று.

பூமாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாராவி முடிந்து மாஹிம் தொடங்குகிற ஓரத்தில் கார்களுக்கு ஸ்பீக்கர், ஸ்டீரியோ மாட்டுகிற கடை அவளுடையது. திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்த குடும்பம்; அவள் பிறந்தது தாராவியில். நாற்பது வயது. கையில் ஸ்க்ரூ ட்ரைவர் இல்லாவிட்டால் பேசவே வராது அவளுக்கு.

"எடப்பக்கக் கதவைக் கேளுங்கோ" என்று சுந்தரராமன் பாட்டைப் போட்டார். கதவுக்குள்ளிருந்து 'ஜிர்ர்ர்' என்று, டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. பாட்டு அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

"உள்ள காயிதம் கிழிஞ்சிட்டு சார். கம்பெனியில போட்டு வந்த ஸ்பீக்கரு. மழைத்தண்ணி எறங்கி எறங்கி ஊறி, காஞ்சி, அப்பளமா ஆயிருக்கும். ரெண்டு பக்கமும் புதுசாப் போட்டுருவோம்."

"போட்டுடுங்கோ. ஒசத்தியானதாவே போடுங்கோ. சனிக்கிழமை வரேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். டாக்ஸியிலிருந்தே பூமாரியின் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். கதை அந்தச் செய்தியில்தான் கோணலாகத் திரும்புகிறது. அதனால் அதை அப்படியே தருகிறேன்.

"பூமாரி, சுந்தரராமன் பேசறேன். முக்கியமானதைச் சொல்ல மறந்துட்டேன். எங்காத்து மாமிக்காக்கும் சொல்றது..." இங்கே ஒரு பஸ் ஹாரன், இரண்டு மூன்று வார்த்தைகளை விழுங்கிவிட்டது. "...அதனாலே பதுக்கெ இருக்கணும், கேட்டேளா? ஸ்பீக்கர் எத்தனை ஒசத்தியா இருந்தாலும் பதுக்கெ இருக்கணும். அது ரொம்ப முக்கியம்."

பூமாரி இரண்டு தடவை கேட்டாள். தப்ரேஸுக்கும் போட்டுக் காட்டினாள்.

"பதுக்கணுமாம்டா. மாமி விசயமாம்."

தப்ரேஸ் யோசிக்கவே இல்லை. "பீவி கோ மாலூம் நஹி ஹோனா! பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது, அவ்ளோதான். ரிட்டையர் ஆகி வண்டி வாங்கினாரு, வீட்ல ஜக்டா, சண்டை ஆயிருக்கும். இப்ப ஸ்பீக்கரும்னா கொன்னுடும்ல அந்த மாமி?"

"பாவம்டே" என்றாள் பூமாரி. "நாம மாட்டிக் குடுக்கக் கூடாது."

உங்களில் பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்துத் தமிழில் 'பதுக்கெ' என்றால் மெதுவாக என்று அர்த்தம். மலையாளத்தோடு உரசி உரசி வந்து சேர்ந்த சொல். சுந்தரராமன் கேட்டது மெதுவான, காதை உறுத்தாத சத்தம். பூமாரி வீட்டில் மெதுவாக என்பதற்குப் 'பைய' என்பார்கள். பதுக்குவது என்றால் அவளுக்கு ஒளித்துவைப்பது, ரேஷன் கடைக்காரர் சர்க்கரையை மூட்டைக்குப் பின்னால் வைப்பாரே, அது.

அவர் ஏன் மெதுவாகக் கேட்டார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பஸ் ஹாரன் விழுங்கியது அதைத்தான்.

அவர் மனைவி விஜயலக்ஷ்மி, சமையலறையில் ரேடியோ இல்லாமல் ஒரு வேலை செய்யமாட்டாள். பழைய ஹிந்திப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். குக்கர் விசிலுக்கு நடுவில் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு பாடுவாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதில் எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு கூரான சத்தம் எது கேட்டாலும் ஊசி ஏற்றினாற்போல அவளுக்குக் காதுக்குள் குத்தும். மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. ரேடியோ நின்றது. மிக்ஸியைக்கூட சுந்தரராமன்தான், கதவைச் சாத்திக்கொண்டு, மேலே ஒரு தலையணையை அமுக்கிப் போட்டு ஓட்டுகிறார்.

முப்பத்தாறு வருஷமும் அவர் ஏழு ஐம்பது லோக்கல் ரயிலில் போனார். அவளுக்கு வடாலாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஒன்பது மணிக்குப் பஸ். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயாவது போனது என்றால் கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் இரண்டே சீட் உள்ள வண்டியை அவர் வாங்கியதற்குக் காரணம் அதுதான். மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது பாருங்கள்.

முதல் நாள் அவளை உட்காரவைத்து ஆசையாகப் பாட்டைப் போட்டார். அந்த 'ஜிர்ர்ர்' அவள் காதைத் துளைத்தது. கிங்ஸ் சர்க்கிளில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க தகரத்தோட நீங்கோ போங்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை. ஸ்பீக்கரை மாற்றுகிறேன், இன்னும் ஒரே தடவை வந்து உட்கார் என்று பதினைந்து நாள் கெஞ்சி, சரி என்று வாங்கியிருந்தார். இந்தத் தடவையும் குத்தினால் வண்டியை விற்றுவிடுவது என்று அவர் மனதுக்குள் தீர்மானம் செய்திருந்தார். அவள் இல்லாமல் அந்த இரண்டாவது சீட்டை எதற்கு வைத்துக்கொள்வது?

இது ஒன்றும் தெரியாமல் பூமாரி வேலையை ஆரம்பித்தாள்.

கதவின் உள்பக்கத்துப் பலகையைக் கழற்றுவதற்கே அரை நாள் ஆயிற்று. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு திருகு, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்புகள். பழைய வண்டி, அவசரப்பட்டால் 'டிக்' என்று உடைந்துவிடும். ஒவ்வொன்றாக, குழந்தைக்கு முள் எடுப்பது போல எடுத்தாள். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதையும் கிழியாமல் உரித்தாள். பழைய ஸ்பீக்கர் அவள் சொன்னபடியே அப்பளமாகத்தான் இருந்தது.

புது ஸ்பீக்கரின் காந்தம் பெரியது. கதவுக்குள் கண்ணாடி இறங்கும்போது அதில் இடித்தால் எல்லாம் போச்சு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்தச் சந்துக்குள் ஸ்கேல் விட்டு அளக்கவும் முடியாது. பூமாரி காலையிலேயே வீட்டிலிருந்து ஓர் உருண்டை சப்பாத்தி மாவு கொண்டு வந்திருந்தாள். அதைக் காந்தத்தின் முதுகில் அப்பி, ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி ஏற்றினாள். மாவு நசுங்கிய கனத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அது மத்தியானச் சாப்பாடா?" என்றான் தப்ரேஸ்.

"உனக்குச் சுட்டுத் தாரேன், திங்கியா?"

அரை விரல் அளவு ஸ்பீக்கரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் வெட்டுப்பலகை ஒன்றை வளையமாக அறுத்து நடுவில் வைத்தாள். மரம் என்றால் மழையில் ஊதிவிடும். இது எத்தனை ஜூலை வந்தாலும் ஊதாது.

அடுத்தது பதுக்கல். புது ஸ்பீக்கரோடு, கண்ணைப் பறிக்கிற வெள்ளி மூடி வந்திருந்தது. அதை எடுத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். ட்வீட்டர் என்று சுண்டைக்காய் அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கர் ஜோடியும் கூட வந்திருந்தது. 'ஸ்ஸ்', 'க்ளிங்' என்கிற கூரான சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும். எல்லோரும் அதை டேஷ்போர்டு மேல், பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று வைத்துக்கொள்வார்கள். பூமாரி அதையும் கதவுக்குள்ளே, பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சொருகி, கம்பெனியின் பழைய கறுப்பு ஜாலியை, அந்தச் சல்லடை மூடியையே, துடைத்து மேலே மூடினாள். ஜாலியில் இருந்த கீறல்கூட அப்படியே இருந்தது. காலிப் பெட்டிகளைத் தப்ரேஸின் ரெக்ஸின் சுருள்களுக்குப் பின்னால் தள்ளினாள்.

"போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்காது" என்று சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. சல்வார் கமீஸும் நடைப்பயிற்சி ஷூவும் போட்ட ஓர் அம்மாள் இறங்கினாள். இரண்டு காதிலும் பஞ்சு.

"சிவப்பு வண்டி இங்கேதானே விட்டிருக்கார்? நான் அவர் ஆத்துக்காரி. பல் டாக்டர்கிட்ட போயிட்டு நேரா வரேன். அவர் வந்துண்டிருக்கார்."

பூமாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்ரேஸைப் பார்த்தாள். அவன் குனிந்து மெஷினில் ஊசிக்கு நூல் கோக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கோத்திருந்த நூல்.

"வாங்க மாமி, உக்காருங்க. வண்டியில கண்ணாடி எறங்கல்லன்னு சார் விட்டுட்டுப் போனாவ. சரி பண்ணியாச்சி."

"கண்ணாடியா? ஸ்பீக்கர் மாத்தறதுன்னாரே."

மாமி போட்டு வாங்கப் பார்க்கிறாள் என்று பூமாரிக்குப் பட்டது. "ஸ்பீக்கரா? அது எதுக்கு மாமி? அப்பிடியெல்லாம் சாரு ஒண்ணும் செலவு பண்ணல்ல. வேணும்னா பாருங்க." கதவைத் திறந்து கீறல் விழுந்த பழைய ஜாலியைக் காட்டினாள். "அப்பிடியே கம்பெனி சாமானம்."

"ஸ்பீக்கர் இல்லையா?" விஜயலக்ஷ்மி தப்ரேஸைக் கேட்டாள்.

"நான் சீட் மட்டும்தான் மாமி. கதவு எனக்குத் தெரியாது" என்றான் அவன், நூலைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சு" என்றாள். கையிலிருந்த போனை மெல்லக் கைப்பைக்குள் வைத்தாள். பூமாரி தப்பித்தோம் என்று மூச்சுவிட்டாள். அந்தப் போனில் என்ன இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரமாக விஜயலக்ஷ்மி யோசித்து யோசித்து ஒரு பாட்டை எடுத்து வைத்திருந்தாள். குத்தினாலும் குத்தட்டும், முழுப் பாட்டும் கேட்டுவிடுவது என்று, புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது அவருக்கே அலுத்துப்போய்விட்டது போலிருக்கிறது, நியாயம்தானே, எத்தனை நாள்தான் ஒரு மனுஷர் தலையணையை வைத்து மிக்ஸியை அமுக்குவார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் சுந்தரராமன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"ஆச்சா பூமாரி? பதுக்கெ இருக்கோ?"

பூமாரி கண்ணால் மாமியைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

"கேக்கறேனே. பதுக்கெ இருக்கோ?"

"என்ன சார் கேக்குதிய?" பூமாரி பல்லைக் கடித்துக்கொண்டாள். "கண்ணாடிதான சார்? நல்லா எறங்குது."

"கண்ணாடி யார் கேட்டா? ஸ்பீக்கர்! சொன்னேனே, பதுக்கெ இருக்கணும்னு!"

பூமாரிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. "பதுக்கியாச்சு சார்! நீங்க சொன்ன மாரியே பதுக்கியாச்சு! மாமிக்குத் தெரியக் கூடாதுன்னு நான் ஒரு வாரமாப் பாடுபட்டா, நீங்க நடு ரோட்டுல நின்னு கத்துதியளே!"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் விஜயலக்ஷ்மிக்குத்தான் விளங்கியது. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

"ஏன்னா, உங்க பதுக்கெயை அவா பதுக்கிட்டா! ஐயோ பூமாரி, எங்காத்துல பதுக்கென்னா மெதுவாம்மா, மெதுவா!"

"மெதுவாவா?" பூமாரி வாயைப் பிளந்தாள். "அப்ப பையன்னு சொல்லிருக்கக் கூடாதா சார்?"

"எந்தப் பையன்?" என்றார் சுந்தரராமன். "நான் யாரையும் அனுப்பலையே!"

தப்ரேஸ் ஒன்றும் புரியாமலே எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

"அப்போ ஸ்பீக்கர் இருக்கா?" என்று விஜயலக்ஷ்மி கேட்டாள். சிரிப்பு நின்றிருந்தது.

"இருக்கு மாமி. ரெண்டு கதவுலயும் இருக்கு."

அவள் எழுந்து போய் இடது சீட்டில் உட்கார்ந்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். தன் போனைப் பையிலிருந்து எடுத்து, "இதைப் போடுங்கோ" என்று கொடுத்தாள். சுந்தரராமன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அதை வாங்கி வயரில் செருகினார்.

பாட்டு ஆரம்பித்தது. சுத்தமான சத்தம். ஜிர்ர் இல்லை. ஆனால் மூன்றாவது விநாடியில் 'க்ளிங்' என்று ஒரு மணி அடித்ததும் விஜயலக்ஷ்மியின் தோள் தூக்கிப்போட்டது. கை தானாகக் காதுக்குப் போனது.

பூமாரி எட்டி, கூரான சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரெபிளைக் குறைத்தாள். முழுக்கக் குறைத்தும் அது குத்தியது.

சுந்தரராமன் பாட்டை நிறுத்தினார். "போதும் விஜி. எறங்கிக்கோ. வித்துடலாம் இதை." கோபமே இல்லாமல், காபி ஆறிப்போயிற்று என்பது போலச் சொன்னார். அவள் இறங்கவில்லை.

"என்னத்த விக்குதிய?" என்றாள் பூமாரி. "மாமி, நீங்க எறங்காதிய. குத்துனது பாட்டு முழுக்கவா, அந்த மணிச் சத்தம் மட்டுமா?"

"மணி. அப்புறம் அந்த 'ஸ்ஸ்'னு வரதே, அது."

"அம்புட்டுதான?"

பூமாரி கதவைத் திறந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரமாக ஒளித்து ஒளித்து மாட்டிய ஜாலியை நெம்பி எடுத்தாள். உள்ளே கைவிட்டு அந்தச் சுண்டைக்காய் ட்வீட்டரைப் பிடுங்கி, வயர் நுனியில் டேப் சுற்றினாள். சுற்றிப்போய் அந்தப் பக்கத்துக் கதவிலும் அப்படியே செய்தாள். வேறு எந்தக் கஸ்டமர் வண்டியிலும் இதைச் செய்தால் அடிக்க வருவார்கள். பாட்டுக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும்.

"இப்பப் போடுங்க சார். ஆனா ஒண்ணு, பாடுதவங்க வார்த்தை கொஞ்சம் மங்கலாத்தான் கேக்கும்."

"வார்த்தையா?" என்றாள் விஜயலக்ஷ்மி. "வார்த்தை எனக்குத் தெரியும்."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. தபலா கதவுக்குள்ளிருந்து, அவள் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, கம்பளிக்குள் பேசுவது போல வந்தது. மணி அடிக்கிற இடம் வந்தபோது சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டார். மணி வந்தது; எங்கோ நாலு தெரு தள்ளி அடித்தது போல வந்து போனது. அவள் கை மடியிலேயே இருந்தது.

லிங்க் ரோட்டில் ஒரு லாரி போனது. பாடகியின் குரல் மங்கலாக எழுந்தது. முதல் வரி முடிந்து இரண்டாவது வரி தொடங்குகிற இடத்தில், வார்த்தை சரியாகக் கேட்காத அந்த இடத்தில், விஜயலக்ஷ்மி வார்த்தையைப் போட்டாள். ஒன்றரை வருஷம் பாடாத தொண்டை, கொஞ்சம் கரகரத்தது. அடுத்த வரியில் சரியாகிவிட்டது.

சுந்தரராமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

"என்ன ரோட்டையே பாத்துண்டு இருக்கேள்?" என்றாள் அவள், இரண்டு வரிகளுக்கு நடுவில். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ."

அவர் கூட்டினார். பிறகு வண்டியைக் கிளப்பி, பூமாரியைப் பார்த்தார். கையைத் தூக்கினார். பூமாரி உள்ளங்கையிலிருந்த இரண்டு ட்வீட்டர்களையும் நீட்டினாள். "இந்தாங்க சார், உங்க சாமான்."

"நீயே வெச்சுக்கோம்மா" என்றாள் விஜயலக்ஷ்மி. "எங்களுக்கு வேண்டாம்."

தெருமுனையில் மாட்டுங்காவுக்குப் போக இண்டிகேட்டர் மினுக்கியது. பூமாரியும் தப்ரேஸும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் இருவரும் ஏதோ பேசினார்கள். என்ன என்று இவர்களுக்குக் கேட்கவில்லை. இண்டிகேட்டர் அணைந்தது. மறுபக்கத்தது மினுக்க ஆரம்பித்தது. அந்தச் சின்னச் சிவப்பு வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல், மாஹிம் கடற்கரைப் பக்கமாக, மெல்லப் போயிற்று.